வாசலில் ஒரு ஜோடி ஷூ

"பிரஷை எடுத்து ஒளிச்சியா? தலையணை? ஐயோ, உன் டவல் இன்னும் கொடியிலயே தொங்குது பாரு!"

அக்கா குரலை அடக்கிக்கொண்டே கத்தினாள். கீழே அழைப்பு மணி அடித்து அரை நிமிடம் ஆகியிருந்தது. வீட்டுக்காரம்மா நாலு மாடி ஏறி வர வேண்டும். மூட்டுவலி உள்ளவர், எப்படியும் மூன்று நிமிடம் பிடிக்கும்.

"சனிக்கிழமைதானே வருவாங்க? இன்னைக்கு வியாழக்கிழமைக்கா!"

"அதை அவங்ககிட்டயே கேளு. குட்டி, பேச நேரமில்லை. அலமாரிக்குள்ள போ!"

குட்டி என்பது அக்கா வைத்த பெயர். ஆள் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. துணி அலமாரிக்குள் ஒளிய அது ஒரு வசதி.

வெளிநாட்டுக்குப் படிக்க வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வந்து பெட்டியை இறக்கியதுமே அக்கா சொல்லிவிட்டாள். "ரூம் என் பேர்ல இருக்கு. ஒரு ஆள்தான் தங்கணும்னு கண்டிஷன். நீ இருக்கிறது தெரிஞ்சுதுன்னா ரெண்டு பேரும் நடுத்தெருவுலதான்."

அன்று முதல் குட்டி பூனை மாதிரிதான் நடந்தாள். குழாயை நூலாகத் திறந்தாள். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்தாள். அம்மாவோடு போனில் பேச பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள்.

அம்மாவும் தினம் அதையேதான் சொன்னாள். "முன்னப்பின்ன தெரியாத உனக்கு இடம் குடுத்திருக்கா. அந்தப் பொண்ணு பேச்சைத் தட்டாதே."

உண்மைதானே? மாணவர்களின் போன் குழுவில் அறிமுகமானவள் அக்கா. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஏதேதோ தாள்களை அனுப்பி, "இங்கே கையெழுத்துப் போடு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றவள். அந்த ஊர் மொழியைக் கொஞ்சம் பேசப் பழகியிருந்தாலும் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத குட்டி, காட்டிய இடத்திலெல்லாம் போட்டு அனுப்பினாள்.

ஒரே ஒரு கவலைதான் தீரவில்லை. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட முகவரிக் கடிதத்தைக் காலேஜில் கொடுக்க வேண்டும். நாளை மாலை கடைசிக் கெடு. இல்லையென்றால் சேர்க்கை ரத்து, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எப்போது கேட்டாலும் அக்கா, "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதவு திறக்கும் சத்தம். குளிர்கோட்டின் ரோமம் மூக்கைச் சீண்டியது. ஒரு ஹேங்கர் பிடரியில் குத்தியது. அசையவில்லை.

"ஹீட்டர் நல்லா வேலை செய்யுதா?" வீட்டுக்காரம்மா நிதானமாகப் பேசுகிறவர். மூன்று வாரத்தில் குட்டியின் காதுக்கு அந்த மொழி ஓரளவு பிடிபட்டிருந்தது.

"செய்யுதும்மா."

"ஜன்னல்?"

"அதுவும் நல்லா மூடுதும்மா."

"அப்ப இது யாரோடது?"

கதவு இடுக்கு வழியே பார்த்த குட்டிக்கு உயிரே போய்விட்டது. வீட்டுக்காரம்மாவின் கையில் ஒரு ஜோடி பழுப்பு ஷூ. நேற்று மழையில் நனைந்ததென்று அவளேதான் வாசலில் காய வைத்திருந்தாள். பிரஷ், தலையணை, டவல் என்று எல்லாம் நினைவு வந்தது. காலில் போடுவது மட்டும் இரண்டு பேருக்குமே நினைவுக்கு வரவில்லை.

"அது... என்னோடதுதாம்மா."

"உன் காலு இதுக்குள்ள போகுமா? எங்க, போட்டுக் காட்டு."

"கொஞ்சம் டைட்டா இருக்கும்மா..."

"கொஞ்சமா? உன் கட்டைவிரல்தான் நுழையும்."

குட்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன்னால் அக்காவும் தெருவுக்கு வரப் போகிறாள். இடம் கொடுத்தவளுக்கு இதுதானா கைம்மாறு? 'அக்கா மேல தப்பில்லைம்மா, நான்தான் கெஞ்சி வந்தேன்.' அந்த வாக்கியத்தை மனசுக்குள் அந்த ஊர் மொழியில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். போனால் என் படிப்பு மட்டும் போகட்டும் என்று அலமாரிக் கதவில் கை வைத்தாள்.

"அப்ப அந்தப் பொண்ணு வந்துட்டாளா?"

வீட்டுக்காரம்மாவின் குரலில் கோபமே இல்லை. சந்தோஷமாகத்தான் கேட்டார்.

"எ... எந்தப் பொண்ணும்மா?"

"நல்லா கேட்டே போ! இந்த ரூமைத் தன் பேர்ல எடுத்திருக்காளே, அந்தப் பொண்ணுதான். விசா வரலை, ஃபிளைட் கிடைக்கலைன்னு மூணு வாரமா நீதானே சொல்லிக்கிட்டிருக்கே? அவ வர்ற வரைக்கும் இருந்துக்கறேன்னு நீ அழுததாலதான் உன்னை விட்டு வச்சேன்." காகிதம் பிரியும் சத்தம் கேட்டது. "பாவம், ஊருக்குப் புதுசு. வந்ததும் காலேஜ்ல கேப்பாங்களேன்னு முகவரிக் கடிதம்கூட கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்திருக்கேன். எங்கே அவ?"



அலமாரிக் கதவு உள்ளேயிருந்து திறந்தது. "இதோ இருக்கேம்மா" என்றபடி குட்டி, தன்னுடைய அறைக்குள் முதல் முறையாகக் கால் வைத்தாள்.