பொடிசு நடத்திய கூட்டம்

“ஒரு மாணவி தன் கல்வியைத் தானே தீர்மானிக்கும் இந்த நாள், மனித வரலாற்றில் ஒரு திருப்புமுனை” என்றார் தலைமையாசிரியர், எழுந்து நின்று.

வரலாறு திரும்பிக்கொண்டிருந்த அந்த அறையில் அவரைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள்: மாணவியின் அம்மா, பேச்சுப் பயிற்சி டீச்சர், நடப்பதைக் குறித்துக்கொள்ள ஒரு கிளார்க். மாணவி வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். வரவேற்புரை முடிந்த பிறகுதான் அவளைக் கூப்பிடுவதாக ஏற்பாடு.

“சார், அவ வெளியில ரொம்ப நேரமா...” என்று ஆரம்பித்தார் டீச்சர்.

“காத்திருக்கா. இருக்கட்டும், பொறுமையும் ஒரு படிப்புதான்.”

அம்மா பஸ் ஓட்டுநர். டிப்போவில் அரை மணி அனுமதி வாங்கிக்கொண்டு சீருடையோடு வந்திருந்தார். அதில் பாதி வரவேற்புரையிலேயே கரைந்துவிட்டது.

“சார், மாடியில இருக்கற தனி வகுப்புக்குப் போகமாட்டேன்னு ரெண்டு நாளா சாப்பிடாம அடம்பிடிக்கிறா. அவ கிளாஸ்லயே இருக்கணுமாம். நீங்க கொஞ்சம்...”

“பெரிய மனசு பண்ணணும். அதானே? கூட்டத்துல பேசுவோம்மா.”

பேச ஒன்றும் இல்லை என்பது தலைமையாசிரியருக்குத்தான் தெரியும். பேச்சு திக்குகிற அந்தப் பெண்ணைத் தனி வகுப்புக்கு மாற்றும் உத்தரவு, கையெழுத்து மட்டும் பாக்கியாக, அவருடைய கோப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் மாணவருக்கான கல்வித் திட்டக் கூட்டத்தை அந்த மாணவரே நடத்த வேண்டும் என்பது மேலிடத்துச் சுற்றறிக்கை. கூட்டத்தை அவள் நடத்தட்டும், முடிவை இவர் நடத்திக்கொள்வார்.

அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அடுத்தவர் சிரமப்பட்டால் அவருக்குத் தாங்காது. அதிலும் பேசச் சிரமப்பட்டால், உடனே தானே பேசிக் கொடுத்துவிடுவார். சிரமப்படாதவர்களுக்கும் அதே உதவி உண்டு. அவர் மனைவி ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லிப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

ஒருவழியாகக் கதவு திறந்தது. எட்டாம் வகுப்பிலேயே சின்ன உருவம் என்பதால் அவளை எல்லோரும் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையைத் தொடவில்லை.

“வணக்கம். நீங்க போன வாரம் அசெம்ப்ளியில பேசினதிலிருந்து ஆரம்பிக்கிறேன் சார். இந்தப் பள்ளிக்கூடத்துல எந்தக் குழந்தையையும்...”

நின்றுவிட்டாள். ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி. தலைமையாசிரியருக்கு மனசு கேட்கவில்லை.

“ஒதுக்கி வைக்கமாட்டோம். ஆமா, சொன்னேன். நல்லா கை தட்டினாங்க.” கிளார்க் பக்கம் திரும்பினார். “எழுதிக்குங்க.”

கிளார்க் எழுதிக்கொண்டார்.

“அப்படின்னா, மாடியில இருக்கற தனி வகுப்புக்கு என்னை...”

மறுபடியும் நின்றுவிட்டாள். அந்த வாய் வார்த்தைக்காகத் திறந்தபடி இருப்பதைப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்?

“அனுப்பமாட்டோம்” என்று கைகொடுத்தார் தலைமையாசிரியர்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. கை தானாகக் கோப்பின் மேல் போனது. அதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

“ரொம்ப நன்றி சார். உங்களைப் பத்திச் சும்மா சொல்லலை, எவ்வளவு பெரிய மனசு.”

பெரிய மனசு என்று ஒருவர் வாயால் கேட்ட பிறகு எப்படிப் பின்வாங்குவது?

“நன்றி எதுக்கும்மா, என் கடமை” என்றார். “எழுதிக்குங்க.”

“வாய்மொழிப் பரீட்சையில எனக்குக் கூடுதலா கால் மணி...”

“கால் மணி என்ன கால் மணி. அரை மணியாவே தர்றோம். எழுதிக்குங்க.”

இப்போது அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க...”

“பேசக்கூடாது. அது அடிப்படை நாகரிகம்.”

டீச்சர் மேசை விரிப்பில் இருந்த பூக்களை எண்ண ஆரம்பித்தார். அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. கிளார்க் மட்டும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் எழுதிக்கொண்டார்.

“அவ்வளவுதான். எல்லாரும் வந்ததுக்கு நன்றி” என்று பொடிசு நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள்.

வரவேற்புரை பதினைந்து நிமிஷம், கூட்டம் ஆறு நிமிஷம். தலைமையாசிரியர் குறிப்பில் கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதி அம்மா கைக்குப் போனது, இன்னொன்று மேலிடத்துக்குப் போகும் உறைக்குள். பழைய உத்தரவை அவரே நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். வெளியே வராந்தாவில் அம்மாவும் மகளும் ஓடுகிற சத்தமும் சிரிப்பும் கேட்டன. அவருக்குக் கண்கூடக் கலங்கியது.

“பார்த்தீங்களா?” என்றார் கிளார்க்கிடம். “நான் இல்லேன்னா பாவம், அந்தப் பொண்ணு ஒரு வாக்கியத்தையாவது முடிச்சிருக்குமா?”

“முடிச்சிருக்காது சார்” என்றார் கிளார்க். “இது அந்தப் பொண்ணு நாற்காலியில கிடந்தது. ஃபைல்ல சேர்க்கணுமா?”

நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். குண்டு குண்டான கையெழுத்தில் அன்றைய கூட்டம் முழுவதும் வரிசையாக எழுதியிருந்தது. நான்கு இடங்களில் சிவப்பு மையில் குறிப்பு: ‘இங்கே நிறுத்து. சார் முடிப்பார்.’

மூன்றாவது இடத்தில் கூடுதலாக ஒரு வரி: ‘கால் மணி என்று சொன்னால் போதும். சார் அரை மணி ஆக்குவார்.’

கடைசியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது: ‘நன்றி சொல்லும்போது மட்டும் நிறுத்தவே கூடாது. சார் மறுபடி பேச எழுந்துவிடுவார்.’