திரும்பின எழுத்து

இதை எனக்கு முதல்ல சொன்னது எங்க சம்பந்தியம்மா. போன மாசம் பேத்திக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரி வராந்தாவுல ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் கூப்பிடற வழியைக் காணோம். "ஒருத்திக்குத் திருட்டுப் பட்டம் கட்டப் போனேன் சம்பந்தி, அந்தக் கூத்தைக் கேக்கறீங்களா?"ன்னு ஆரம்பிச்சாங்க.

சம்பந்தியம்மா வீட்டு முன்னறையில வாழ்த்து அட்டை செய்யறாங்க. எல்லாம் கைவேலை. பூப்போட்ட காகிதம், கோடு போட்ட காகிதம்னு வெட்டி ஒட்டி, நடுவுல ரப்பர் அச்சால வாசகத்தைப் பதிப்பாங்க. மொத்தமே மூணு பேர். சம்பந்தியம்மா, காகிதம் வெட்டுறதால 'கத்தரி'ன்னு பேர் வாங்கின பொண்ணு, ரப்பர்ல எழுத்து செதுக்குற அச்சக்கா.

அச்சுல எழுத்தைத் திருப்பித்தான் செதுக்கணுமாம். அப்பதான் அட்டையில நேரா விழும். பத்து வருஷமா அதையே செய்யற அச்சக்கா, திடீர்னு நேரா செதுக்க ஆரம்பிச்சாங்க. அட்டையில எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டு விழுந்தது.

ஒரு தடவைன்னா சரி, கை தவறிடுச்சுன்னு விடலாம். சனிக்கிழமை தவறாமலா?

"அடடா, மறுபடியும் மாத்திட்டேனே! இந்த ரெண்டு அட்டையும் போச்சு. போற வழியில நானே குப்பையில போட்டுடறேன்."

அச்சக்கா படியிறங்கினதும் கத்தரி வாயைத் திறந்தா.

"குப்பைத்தொட்டி நம்ம வாசல்லயே இருக்கு. இவங்க குப்பை மட்டும் பையில ஏறி எங்கே ஊர்வலம் போகுது?"

"அதானே!"

"அதுவும் பாருங்க, தப்பு நடக்கறதெல்லாம் ஒசத்தியான பூக்காகிதத்துலதான் நடக்குது. சாதாக் காகிதத்துல எழுத்து ஒழுங்கா விழுதே, எப்படி?"

அது முள்ளாத் தச்சிடுச்சு. அடுத்த சனிக்கிழமை சம்பந்தியம்மா குடையைத் தாழ்த்திப் பிடிச்சுக்கிட்டு அச்சக்கா பின்னாடியே நடந்தாங்க. கையும் களவுமா பிடிச்சு, 'நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே'ன்னு சொல்லிடறதுன்னு முடிவு.

அச்சக்கா குப்பைத்தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ரெண்டு தெரு தாண்டி ஒரு சந்துல நுழைஞ்சாங்க. அது சம்பந்தியம்மாவோட கூடப்பிறந்த அக்கா இருக்கற சந்து.

இந்த வாழ்த்து அட்டை வேலையே முதல்ல அக்காவும் தங்கச்சியுமா ஆரம்பிச்சதுதான். அச்சக்காவைக் கூட்டிட்டு வந்ததே அந்த அக்கா. அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு வாய்ச்சண்டை. 'இனி உன் வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளு'ன்னுட்டு வந்தவங்கதான் சம்பந்தியம்மா. அப்புறம் அக்கா மாடிப்படியில விழுந்துட்டாங்கன்னு காதுல விழுந்தது. 'நாலு நாள்ல எழுந்து நடமாடுவா'ன்னு இருந்துட்டாங்க.

"எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு சம்பந்தி. நான் போடற அட்டையெல்லாம் மாதிரிக்குன்னு அங்கே போகுது. அவ எனக்குப் போட்டியா தொழில் ஆரம்பிக்கறா. இவ கூட இருந்தே குழி பறிக்கறா. அப்படியே கொதிச்சுப் போய் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன்."

உள்ளே அக்கா கட்டில்ல மல்லாந்து கிடந்தாங்க. கழுத்தைச் சுத்திப் பட்டை. தலையைத் தூக்க முடியாது, கையும் அசையலை. கட்டிலுக்கு நேர் மேலே ஒரு பெரிய கண்ணாடியை மாட்டி வெச்சிருந்தாங்க. அதுல தெரியறதுதான் அவங்களுக்கு உலகம்.

போர்வை மேலே அங்கங்கே ஊசி குத்தி, பூக்காகித அட்டைங்க. அச்சக்கா பையிலேர்ந்து புது அட்டையை எடுத்து நெஞ்சுக்கு நேரா குத்தினாங்க. அக்கா கண்ணாடியைப் பார்த்து, எழுத்துக் கூட்டாம, தடுமாறாம வாசிச்சாங்க.

"'அக்கா, சீக்கிரம் எழுந்து வா. உன் தங்கச்சி.'"

சம்பந்தியம்மா என்கிட்ட சொன்னாங்க: "எழுத்து திரும்பியிருக்குன்னு எத்தனை அட்டையைக் குப்பைன்னு ஒதுக்கியிருப்பேன்! அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளாவது பார்த்தேனா?"

அக்கா உள்ளே பேசிக்கிட்டே இருந்தாங்க. "ஏண்டி, எதுக்கு இவ்வளவு சிரமம்? சாதாரணமா எழுதி, நீ பிடிச்சுக் காட்டினா படிக்க மாட்டேனா?"

"நான் பிடிச்சா, நான் இருக்கற வரைக்கும்தானே படிப்பீங்க? நான் போனப்புறம் நாள் பூரா நீங்களாப் படிக்க வேணாமா? எழுத்தைத் திருப்பிப் போடுன்னு சொன்னதே உங்க தங்கச்சிதான்."

"அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே மூளை ஜாஸ்தி." அக்கா சிரிச்சாங்க. சிரிப்பு பாதியில நின்னுடுச்சு. "வாரம் தவறாம அட்டை மட்டும் வருது. ஆள்தான் வரலை. வேலை அதிகம் போலிருக்கு."

ஜன்னல்கிட்ட நின்ன சம்பந்தியம்மா சத்தமில்லாம ஓடிப் போயிடலாம்னு காலை எடுத்தாங்களாம்.

அச்சக்கா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. போர்வையைச் சரி பண்ணிக்கிட்டே, வெளியே கேக்கற மாதிரி சொன்னாங்க:

"யார் சொன்னது வரலைன்னு? இன்னைக்கு உங்களைப் பார்க்கணும்னு அவங்களேதான் கிளம்பி வந்திருக்காங்க. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு இருக்காங்க."

இதைக் கேட்டீங்கள்ல, இன்னைக்குச் சாமி கும்பிடறப்போ அந்த அச்சக்காவுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை வேண்டிக்கோங்க.