முட்டிவலிச் செடி

"வலிக்கு ஏத்த மூலிகைம்மா, ஹைபிரிட். குள்ளமாதான் வளரும், வாசம் ஜாஸ்தி. இலையைக் கொதிக்க வச்சுக் குடிச்சா முட்டிவலி தெரியாது, நல்லா தூங்குவ."

வீட்டை எழுதித் தர மறுத்ததிலிருந்து முகம் கொடுக்காத மகன் லூர்து பிரகாஷ், சிதம்பரத்திலிருந்து தொட்டியோடு வந்து நின்றதில் இன்னாசிமேரிக்குக் கண் கலங்கியது.

"விதை இருந்தா குடுய்யா, இன்னும் ரெண்டு போடறேன்."

"விதை போட்டா இதே மாதிரி வராதும்மா. கிளையை ஒடிச்சு நட்டாதான் தாய்ச்செடி மாதிரியே வரும்."

செடி பூத்ததும் போலீசுக்கு ரகசியமாகப் போன் செய்தவன், ஜீப் பின்னாலேயே கடலூரில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

"ஏம்மா, இந்த வயசுல கஞ்சா வளக்கிறியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கஞ்சாவா? என் புள்ள குடுத்த மூலிகை சார் அது."

"அது ஏதோ உளறுது சார். நான் இங்க வர்றதே இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் லூர்து பிரகாஷ்.

இன்னாசிமேரி மகனையே பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் கைகூப்பினாள்.

"ஆமா சார், எல்லாம் நான்தான். அவனை விட்டுடுங்க, அவனுக்கு எதுவும் தெரியாது. சிதம்பரத்துல அவன் வீட்டு மொட்டைமாடியில பத்துத் தொட்டி நிக்கிறதுகூடத் தெரியாது. அவன் மாடிக்கே ஏற மாட்டான். மருமவ இடுப்புவலிக்குன்னு அவன் இல்லாதப்ப போயி நான்தான் கிளை ஒடிச்சு நட்டேன். தாய்ச்செடியை விட அதுங்க நல்லா வந்திருக்கு."