உறைக்காரருக்குத் தெரியாதது

"நானூறு கட்டளைக்கு உறை எழுதத் தெரிஞ்சவருக்கு, ஒரு பட்டனை மங்க வைக்கத் தெரியலையாம்" என்றார் மேனேஜர். கணினிப் பிரிவே சிரித்தது.

எவ்வளவோ முயன்றும் பிடிபடவில்லை என்றார் பிரிவுத் தலைவரான உறைக்காரர்.

தொழிற்சாலை வாசலில் ஒரு தொடுதிரை. ஷிப்ட் மாற்றுவது, விடுப்புக் கேட்பது எல்லாம் அதில்தான். அதன் பட்டன்களை வரைகிற நிரல்தொகுப்பு, யாரோ எழுதி, எந்திர மொழியில் இறுக்கி மூடிக் கொடுத்தது. பிரிவில் மற்றவர்களுக்குத் தெரிந்ததோ எளிய ஸ்கிரிப்ட் மொழி. இவர்கள் சொல்வதை அந்தத் தொகுப்புக்குப் புரியவைக்கும் இடைநிரலான உறையை எழுதுவதுதான் உறைக்காரர் வேலை. உறையில் இல்லாத கட்டளையை யாரும் கொடுக்க முடியாது. மங்க வைத்த பட்டனோ அழுத்தினாலும் இயங்காது.

அதிகம் சிரித்தவர் பக்கத்து நாற்காலி சங்கத்தக்கா. தொழிற்சங்கத் துணைச் செயலாளர். வாசற்கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். உறைக்காரரோ ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. துண்டறிக்கை கொடுத்தால் நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுப்பார். "உறைக்காரருக்கு எதுவும் உறைக்காது" என்பது அக்கா கட்டிவிட்ட வசனம்.

வெள்ளிவரை கெடு. இல்லாவிட்டால் பிரிவுத் தலைவர் பதவி போய்விடும் என்றார் மேனேஜர். எந்தப் பட்டன், எதற்கு மங்க வேண்டும் என்று அக்கா உட்பட யாரும் கேட்கவில்லை.

வெள்ளி வந்தது. பட்டன் மங்கவில்லை. பதவி அக்காவுக்குப் போனது. அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. திறமைக்குக் கிடைத்தது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார், அவ்வளவுதான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. தெரியாத வேலையை இழுத்துப் போட்டுக்கிட்டா இப்படித்தான் ஆகும்."

"கோவமெல்லாம் இல்லம்மா. நீயாவது பாரு."

தன் டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் மூலை மேசைக்கு நகர்ந்தார்.

திங்களன்று அக்கா அவருடைய கோப்பைத் திறந்தார். நானூறு கட்டளைகளுக்கும் கீழே, இயங்காதபடி அடைத்து வைத்த பத்து வரிகள். மங்க வைக்கும் கட்டளைதான். எழுதி மூன்று மாதம் ஆகியிருந்தது. அடைப்பை நீக்கி ஓட்டிப் பார்த்தார். பட்டன் அழகாக மங்கியது.

பக்கத்தில் ஒரு குறிப்பு: "நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வேலை நெருக்கும் மாதங்களில் விடுப்புப் பட்டனை மங்க வைத்துவிடப் போவதாக மேனேஜர் வாய்தவறிச் சொன்னார். இனி யார் கேட்டாலும் எனக்குத் தெரியாது."

அக்கா அந்தப் பத்து வரிகளையும் குறிப்பையும் சுவடில்லாமல் அழித்தார்.

மேனேஜர் வந்து நின்றார். "என்னம்மா, உங்களுக்காவது பிடிபட்டுதா?"

"எனக்கும் தெரியல சார்."