ஹார்லன் வீட்டுப் பேய்

பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீனுக்கு வீட்டை அலங்கரிப்பது வெட்டி வேலை என்று சொல்லிக்கொண்டிருந்த ஹார்லன், இந்த ஆண்டு ஏணியை விட்டு இறங்கவே இல்லை. வாசலில் எலும்புக்கூடு, கூரையில் சூனியக்காரி, படியெங்கும் கண்ணுக்குள் விளக்கெரியும் பூசணிகள்.

“இந்த வயசுல என்னங்க இப்படி ஒரு ஆட்டம்?” என்று சிரித்தாள் மனைவி நார்மா.

“இவ்வளவு குஷியா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ ஆரம்பிச்சிருப்பேன். இன்னைக்கு ஒரு பொடிசாவது அலறுதா இல்லையா, பாரு!”

இருட்டியதும் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். யாரும் அலறவில்லை. ஒருவன் எலும்புக்கூட்டோடு கை குலுக்கினான். ஒருத்தி சூனியக்காரியைப் பார்த்து, “ஐ, செம க்யூட்!” என்றாள்.

முகம் தொங்கிப்போன ஹார்லன் மிட்டாய்க் கூடையோடு கதவைத் திறந்தார்.

முகமெல்லாம் சாயம் பூசிய குட்டி ரத்தக்காட்டேரி ஒன்று, “மிட்டாய் குடுங்க, இல்லேன்னா கடிச்சிருவேன்!” என்று வாயைப் பிளந்தது.

ஹார்லன் பழக்கதோஷத்தில் குனிந்து உள்ளே பார்த்தார்.

“அட, வெஸ்லியா! அந்தக் கடைவாய்ச் சொத்தை இன்னும் அப்படியே இருக்கே? திங்கக்கிழமை வா, பிடுங்கிடலாம்.”

“ஐயோ, இது பல் டாக்டர் வீடுடா!”

காட்டேரி அலறிக்கொண்டு ஓட, மொத்தக் கூட்டமும் பின்னாலேயே ஓடியது.

“அடுத்த வருஷம் இத்தனை பொம்மை எதுக்குங்க?” என்றாள் நார்மா. “உங்க கிளினிக் போர்டைக் கொண்டு வந்து மாட்டிடுங்க, போதும்!”