கிடாருக்குக் குளியல்

"கொழாயில தண்ணி நிக்கப் போவுது. புஷ்பா ஒத்தையா கொடம் தூக்குறா. நீ இன்னாடான்னா அந்தக் கட்டையக் குளிப்பாட்டிகினு குந்திகினு கீற!"

கெங்கம்மாள் மகனைப் பார்த்துப் போட்ட சத்தம் ஆவடி குவார்ட்டர்ஸில் அந்த பிளாக் முழுக்கக் கேட்டது.

பரந்தாமன் கிடாரின் ஆறு கம்பிகளையும் கழற்றிப் பேப்பரில் வைத்தான். விரல் ஓடும் பலகையில், குறுக்குக் கோடுகளின் ஓரமெல்லாம் அழுக்கு அப்பியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தான்.

"ஒரு நாளு ஒரு பாட்டு வாசிச்சு நான் கேட்டதில்ல. வாராவாரம் தொடைக்க மட்டும் தெரியுது. பழைய சாமான்காரன் வரட்டும், தூக்கிப் போட்டுர்றேன்."

குடத்தை இறக்கி வைத்த மருமகள் புஷ்பா கிடாரையே பார்த்தாள்.

கிடார் அவளுடையது. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனுடைய பாட்டுக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "எங்க ஊட்டுக்கு வர்ற பொண்ணு இதெல்லாம் தொடக் கூடாது" என்று சொந்தக்காரர்கள் நடுவில் கெங்கம்மாள் சொல்லிவிட்டாள்.

கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து, "ஃபேக்டரி ஃபிரெண்டு குடுத்தான், நான் கத்துக்கப் போறேன்" என்று பரந்தாமன் அதே கிடாரை அவள் அண்ணன் வீட்டிலிருந்து கொண்டுவந்து சுவரில் மாட்டினான்.

மத்தியானம் மாமியார் வெளியே போகிற ஒரு மணி நேரம்தான் புஷ்பாவுக்கு. குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு மெதுவாக வாசிப்பாள். அதுவும் போய்விட்டால்?

அழுக்கு லேசில் போகவில்லை. பரந்தாமன் வெள்ளை பனியன் துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டு அழுத்தித் துடைத்தான்.

சல்லடை கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அலறினாள்.

"ஐயோ, ரத்தம்! கையக் கிழிச்சிகினியா?"

துணி சிவந்து கிடந்தது. கிட்டே வந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"அட, மஞ்சள்ல சோப்பு பட்ட செவப்பு! ஏம்ப்பா பரந்தாமா, நீ எப்பலேர்ந்து மஞ்சப் பூசிக் குளிக்கிற?"

புஷ்பா தன் விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பரந்தாமன் துணியைச் சுருட்டி மறைத்தான்.

"நாந்தான்" என்றாள் கெங்கம்மாள்.

"நீயாக்கா?"

"மீனுக்கு மஞ்ச தடவின கையோட எட்த்து நோண்டிப் பாத்தேன். இன்னான்ற இப்போ? சல்லடைய எட்த்துகினு கெளம்பு."

பஞ்சவர்ணம் சிரித்துக்கொண்டே போனாள்.

"அம்மா... உனக்குத் தெரியுமா?" என்றான் பரந்தாமன்.

கெங்கம்மாள் குரலை இறக்கினாள்.

"பத்துப் பேர் முன்னாடி வாணாம்னு சொன்ன வாயி, இப்ப வாசிம்மான்னு எப்பட்றா சொல்லும்? நான் ஊட்ல இருந்தா இவ அதைத் தொட மாட்டா. அதான் தெனமும் மத்தியானம் மாடிப்படில போயி குந்திகினு கேக்கறேன்."