மாற்று ஆள்

"இன்னும் கொஞ்சம் கேசரி வெச்சுக்கோங்க தம்பி" என்று பெண்ணின் அம்மா கமலம் தட்டை நீட்டினாள். ஜஸ்டினுக்கு வாயில் போட்டதே இறங்கவில்லை. இந்தப் பெண் மட்டும் சரி என்று சொல்லிவிட்டால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தான்.

எதிர் நாற்காலியில் அகல்யா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்டு அவன் வந்தது கல்யாணத்துக்கு அல்ல, ஆராய்ச்சிக்கு.

ஜஸ்டின் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிஎச்.டி. மாணவன். மாணவன் என்று சொல்லிக்கொள்ளவே இப்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது. ஏழாவது வருஷம் நடக்கிறது. ஆய்வேட்டை எழுதி முடித்தாயிற்று, கையெழுத்துப் போட வேண்டிய கைடுதான் அசைவதாக இல்லை.

"நீ போய்ட்டா மைக்ராஸ்கோப்பை யாருப்பா பாத்துப்பா? உன் இடத்துக்கு ஒரு ஆளைக் கொண்டா, அன்னைக்கே கையெழுத்து" என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஓசூரில் ஒரு கம்பெனி வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டம் எங்கே, பட்டம் எங்கே என்று நச்சரித்துக்கொண்டிருந்தது.

அவருடைய லேப்புக்கு இந்த வருஷம் தேர்வான ஒரே ஆள் அகல்யா. சேர்வதற்கு நாளைதான் கடைசி நாள். அவளே போன் செய்து, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்கப்பா கிட்ட பேசுங்கண்ணா" என்றதும், விழுந்தடித்துக்கொண்டு மண்ணூர்பேட்டைக்கு ஓடி வந்திருந்தான்.

"இன்னா தம்பி, அதான் எம்.எஸ்சி. முடிச்சிட்டாளே. அங்க வந்து படிச்சா புச்சா இன்னா கெடைக்கும்?" என்றார் அவள் அப்பா எத்திராஜ். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பால்கனிக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

ஜஸ்டின் ஒப்பிக்க ஆரம்பித்தான். "எங்க கிட்ட இருக்கிற மெஷின் சாதாரண காலேஜ்ல பார்க்கவே முடியாது அங்கிள். பாடம் நடத்துறவங்களே ஆராய்ச்சி பண்றவங்க. புஸ்தகத்துல வர்றதுக்கு முன்னாடியே விஷயம் நமக்குத் தெரிஞ்சிடும். மாசா மாசம் உதவித்தொகை வரும். வெளிநாட்டு மாநாட்டுக்கு அவங்களே அனுப்பி வைப்பாங்க."

இதெல்லாம் உண்மைதான். அவனே ஜப்பான் வரைக்கும் போய்ப் பேசிவிட்டு வந்தவன். திரும்பி வந்த பிறகு அந்த லேப்பை விட்டு வெளியே போக முடியவில்லை என்பதை மட்டும் விழுங்கிவிட்டான்.

"எத்தனை வருஷம் ஆகும்ணா?" என்று அகல்யா முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"மூணே வருஷம். உன்னை மாதிரி கெட்டிக்காரப் பொண்ணுன்னா அதுக்கும் முன்னாடியே முடிச்சிடலாம்."

அவள் முகம் வாடிவிட்டது. மூன்று வருஷமே அதிகமாகப் படுகிறது போலிருக்கிறது என்று ஜஸ்டின் பதறினான்.

"லீவு கிடைக்குமாண்ணா?"

"தாராளமா! எப்ப வேணும்னாலும் வீட்டுக்கு வரலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

முகம் இன்னும் சுண்டியது. எத்திராஜுக்குத்தான் ஏக சந்தோஷம். "பரவால்லியே! ஊட்டையும் பாத்துகினு படிப்பையும் பாத்துக்கலாம்னு சொல்லு" என்றபடியே செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்ப் பார்க்கக் கிளம்பினார். கமலம் காபி போட உள்ளே போனாள்.

ஜஸ்டினின் போன் அடித்தது. கைடு. உட்கார்ந்திருந்தவன் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டான். "சார்... பேசிட்டிருக்கேன் சார்... காலையில வந்து மெஷினை ஆன் பண்ணிடறேன் சார்."

போனை வைத்துவிட்டுப் பார்த்தால், அகல்யா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு சீனியர் அவன் வீட்டுக்கும் வந்து, இதே மாதிரி சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனான்.

"நான் சொன்னதுல பாதி பொய்ம்மா" என்றான் தாழ்ந்த குரலில். "மூணு வருஷத்துல அவர் யாரையும் விட மாட்டார். ஆறு ஆகும், ஏழு ஆகும். ஞாயித்துக்கிழமையும் லேப்லதான் கிடக்கணும். எங்கக்கா கல்யாணத்துக்கே நான் பந்தி முடிஞ்சப்புறம்தான் போய்ச் சேர்ந்தேன். நான் தப்பிக்கணும்னு உன்னை மாட்டிவிடப் பார்த்தேன். வேணாம், வந்துடாதே."

"அந்த மைக்ராஸ்கோப்?"

"அது நிஜம். அதுல பாக்கறதை வேற எங்கயும் பாக்க முடியாது. அதுக்காகத்தான் நானே இத்தனை வருஷம் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன்."

சொல்லி முடித்ததும் மனசு லேசானது. ஓசூர் வேலை அவ்வளவுதான், இன்னொரு வருஷம் அந்த லேப்தான் கதி என்று நினைத்துக்கொண்டான்.

அகல்யா அப்போதுதான் சிரித்தாள். பரீட்சையில் பாஸான பிள்ளையைப் போல முகமெல்லாம் சிரிப்பு.

"நாளைக்குக் காலையிலேயே வந்து சேர்ந்துடறேன்ணா."

"நான் சொன்னது காதுல விழுந்துதா இல்லையா?"

"ஒண்ணு விடாம விழுந்துது."

கீழே கார் வந்து நின்றது. படியில் நாலைந்து பேர் ஏறி வரும் சத்தமும், "வாங்க, வாங்க" என்று எத்திராஜ் பணிவாக வரவேற்கும் குரலும் கேட்டன.

அகல்யா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"இப்ப சொன்னதை அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிட்டயும் சொல்லுங்கண்ணா!"